சின்க்திங் 2: எடைச் சீட்டை நம்பி ஒப்படைக்கலாமா?

மென்பொருள் பாதியில் நின்றுபோவது எனக்குப் பெரிய குறையாகப் படுவதில்லை. நின்றால் கண்ணுக்குத் தெரியும், மறுபடி ஓடவிடலாம். சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே ஒரு கோப்பை இல்லாமல் ஆக்குவதுதான் கணக்கு எழுதுகிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். போன், கணினி என்று பல கருவிகளில் ஒரே ஃபோல்டரை ஒரே நிலையில் வைத்திருக்கும் சின்க்திங் என்ற இலவச மென்பொருளைக் கடந்த மழைக்காலம் முழுவதும் இந்தச் சந்தேகத்தோடுதான் பயன்படுத்திப் பார்த்தேன். காரணம், எங்கள் செயலாளர் கேட்ட ஒரு கேள்வி: "எடை போடும் இடங்களில் நன்றாகத்தானே ஓடுகிறது, உறுப்பினர் எல்லோருடைய போனிலும் போட்டுவிடலாமா?"

கோத்தகிரிக்குக் கிழக்கே, கீழ்க்கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயிகள் குழு ஒன்றுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். பசுந்தேயிலையை நான்கு இடங்களில் எடை போடுகிறோம். யார் எத்தனை கிலோ, ஈரத்துக்குக் கழித்தது எவ்வளவு, சாக்குக்குக் கழித்தது எவ்வளவு என்று எடைப் புத்தகத்தில் எழுதுவார்கள். அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து அலுவலகத்துக்குச் சேர்க்க வேண்டும். மாதக் கடைசியில் விலை பேசிப் பணம் பிரிக்கும்போது "என் இலையில் நாலு கிலோவைக் காணோம்" என்று யாராவது வந்து நின்றால், அந்தப் படம்தான் சாட்சி.

இரண்டு இடங்களில் சிக்னல் கிடையாது. சரிவில் இறங்கிவிட்டால் கோபுரம் மறைந்துவிடும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மரம் விழுந்து மின்சாரமும் போகும், பிராட்பேண்ட் கம்பியும் அறுந்து தொங்கும். மேகக் கணிமையில் படம் சேர்த்துவைக்கும் சேவைகள் அந்த நாட்களில் எங்களுக்குப் பயன்படுவதில்லை. போன் மேஜை மேல் இருக்கிறது, கணினி அதே மேஜையில் இருக்கிறது. ஆனாலும் படம் எங்கோ தொலைவில் உள்ள சர்வருக்குப் போய்த் திரும்பினால்தான் உண்டு.

சின்க்திங்கில் நடுவில் சர்வர் இல்லை. ஒரே வைஃபையில் இரண்டு கருவிகள் இருந்தால் ஒன்றையொன்று தாமே கண்டுபிடித்து நேரடியாகப் பேசிக்கொள்ளும்; இணையம் அறுந்திருந்தாலும் கவலை இல்லை. மாலையில் இலை ஜீப்போடு போன்கள் அலுவலகம் வந்து சேரும். ஓட்டுநர் கையைக் கழுவி டீ குடிப்பதற்குள் அன்றைய படங்கள் கணினியில் இருக்கும். வைஃபை பெட்டிக்கு மட்டும் ஒரு பேட்டரி வாங்கி வைத்தோம். வெளியூரிலிருந்து மொபைல் டேட்டா வழியாக இணையும்போது நேரடிப் பாதை பெரும்பாலும் கிடைப்பதில்லை. அப்போது மட்டும், வாங்கியதை அப்படியே கைமாற்றிவிடும் ரிலே சர்வர்கள் வழியாகப் போகும்; அவற்றைத் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். அங்கே வேகம் குறையும், ஆனால் முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால் ரிலே நடத்துகிறவர் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது.

கருவிகளை அறிமுகம் செய்துவைப்பது மட்டும் கொஞ்சம் எரிச்சல். ஒவ்வொரு கருவிக்கும் ஏழு ஏழு எழுத்தாக எட்டுத் தொகுதி, மொத்தம் ஐம்பத்தாறு எழுத்துகள் கொண்ட அடையாளம். போனில் யாருக்காவது வாசித்துக் காட்ட முயன்றால் பொறுமை போய்விடும். தப்பாக அடித்தால் ஏற்றுக்கொள்ளாது. சரிபார்க்கும் எழுத்துகள் உள்ளேயே இருக்கின்றன. கியூஆர் குறியீட்டைக் காட்டினால் வேலை முடிந்தது. இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டால்தான் தொடர்பு ஏற்படும் என்பது எனக்குப் பிடித்த விதி.

இனி, எதைச் சோதித்தேன் என்று சொல்கிறேன்.

படம் வந்துகொண்டிருக்கும்போதே கணினியின் மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தேன். எங்கள் ஊரில் இதற்குத் தனியாக ஏற்பாடு எதுவும் செய்ய வேண்டியதில்லை, சிறிது நேரம் காத்திருந்தாலே போதும். மின்சாரம் திரும்பியதும் பாதிப் படம் எங்கேயும் முழுப்படம்போல உட்கார்ந்திருக்கவில்லை. வரும் கோப்பைத் தற்காலிகப் பெயரில் வைத்துக்கொண்டு, துண்டு துண்டாக ஹாஷ் எண்ணை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணை) சரிபார்த்து, எல்லாம் பொருந்திய பிறகே உண்மையான பெயரைக் கொடுக்கிறது. வந்த துண்டுகளை வீணாக்காமல் மீதியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டது. இதில் முழு மதிப்பெண்.

அடுத்தது, பென் டிரைவ். ஃபோல்டரைப் பென் டிரைவில் வைத்துவிட்டு, ஓடும்போதே பிடுங்கினேன். "எல்லாக் கோப்பும் அழிந்துவிட்டது" என்று நினைத்துக்கொண்டு மற்ற கருவிகளிலும் அழித்துவிடுமோ என்பதுதான் பயம். அப்படி நடக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் அது ஒரு சின்ன அடையாளத்தை ஒளித்து வைத்திருக்கிறது. அந்த அடையாளம் காணாமல் போனால், ஃபோல்டரே இல்லை என்று புரிந்துகொண்டு சிவப்பில் எச்சரித்துவிட்டு நின்றுவிடுகிறது. இதை எழுதியவர்கள் யாரோ ஒருவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் இதைச் சேர்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

மூன்றாவது சோதனை செயலாளருக்காக. நான்கு இடங்களும் ஒரே விரிதாளில் எடையை எழுதிக்கொண்டே போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. இரண்டு போன்களை வைஃபையிலிருந்தும் இணையத்திலிருந்தும் துண்டித்து, ஒரே விரிதாளில் ஒன்றில் அரவேணு எடையையும் இன்னொன்றில் கட்டபெட்டு எடையையும் பொய்க் கணக்காக எழுதி, பிறகு இரண்டையும் சேர்த்துவிட்டேன். சின்க்திங் இரண்டையும் ஒன்றாக்கவில்லை, ஒன்றாக்கவும் தெரியாது. இரண்டில் பழைய நேரம் கொண்ட கோப்பின் பெயரில் 'சிங்க்-கான்ஃப்ளிக்ட்' என்று தேதியோடு சேர்த்து, முரண் நகலாக ஓரமாக வைத்துவிட்டது. எதுவும் அழியவில்லை, நேர்மையான நடத்தைதான். ஆனால் ஃபோல்டரைத் திறந்து பார்க்கும் பழக்கம் இல்லாதவருக்குக் கட்டபெட்டு எடை மட்டும்தான் தெரியும்.

எது பழையது என்பதைக் கருவியின் கடிகாரத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறது. எங்கள் அலுவலகப் பழைய கணினியில் மதர்போர்டு பேட்டரி செத்துப்போயிருந்தது. மின்சாரம் போய் வந்தால், இணையம் கிடைக்கும்வரை அது வேறு ஏதோ ஆண்டில் வாழும். அந்த நிலையில் அதில் எழுதியது வேறு கருவியோடு முரண்பட்டபோதெல்லாம் 'பழையது' என்று ஓரங்கட்டப்பட்டது. கோத்தகிரி கடைத்தெருவில் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் வட்டப் பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டேன், சரியானது. சின்க்திங்கின் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எல்லா உறுப்பினர்களின் போனிலும் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று யார் போய்ப் பார்ப்பது?

இவை எல்லாம் நான் வேண்டுமென்றே செய்தவை. நான் யோசிக்காத சோதனையை எடை போடும் தம்பி ஒருவன் செய்தான்.

"அக்கா, போனில் இடம் இல்லை என்று காட்டியது. பழைய படங்களை அழித்துவிட்டேன். அலுவலகத்துக்குத்தான் எல்லாம் போய்விட்டதே?"

அவன் சொன்னதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. கடிதத்தைத் தபாலில் போட்டபின் கையில் உள்ள நகலைக் கிழிப்பதுபோலத்தான் அவன் நினைத்தான். ஆனால் சின்க்திங் அனுப்பும் கருவி அல்ல, ஒரே நிலையில் வைத்திருக்கும் கருவி. போனில் அழிந்தால் அதுவும் ஒரு மாற்றம். அந்த மாற்றமும் அலுவலகத்துக்கு ஒழுங்காக வந்து சேரும். போனின் ஃபோல்டரை 'அனுப்ப மட்டும்' என்றும் கணினியின் ஃபோல்டரைப் 'பெற மட்டும்' என்றும் அமைத்திருந்தேன். அதனால் பாதுகாப்பு என்று பலரும் நினைப்பார்கள். அழிப்பதும் அனுப்பப்படும் என்பது அந்தப் பெயரில் தெரிவதில்லை. மாலையில் அவன் போன் வைஃபையில் சேர்ந்ததும் அலுவலகக் கணினியில் அந்த மாதப் படங்கள் மளமளவென்று காணாமல் போயின. பச்சை நிறத்தில் 'எல்லாம் சரியாக உள்ளது' என்று காட்டிக்கொண்டிருந்தது. மென்பொருளின் கணக்கில் எல்லாம் சரிதான்.

படங்கள் கிடைத்துவிட்டன. கணினியில் 'குப்பைத்தொட்டி' வகைப் பதிப்புச் சேமிப்பை இயக்கி வைத்திருந்தேன். வெளியிலிருந்து வரும் மாற்றத்தால் அழியும் கோப்புகள் தனி ஃபோல்டருக்குள் போய்ச் சேரும். நாள் கணக்கு வைத்து அவற்றைச் சுத்தம் செய்யாதே என்றும் சொல்லலாம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, யாரும் அடிக்கோடிட்டுச் சொல்வதில்லை: இந்தச் சேமிப்பு பிற கருவியிலிருந்து வரும் மாற்றங்களுக்கு மட்டும்தான். அதே கணினியில் உட்கார்ந்து நான் அழித்தால் அதற்கு நகல் கிடையாது. மேலும், இந்த வசதி இயல்பாக இயங்காது, நாம்தான் இயக்க வேண்டும். சின்க்திங் காப்புப் பிரதிக்கான மென்பொருள் அல்ல என்று அதன் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஆவணம் படித்தவர்களுக்கு மட்டும் ஒரு மென்பொருளைக் கொடுப்பதென்றால் எல்லோர் போனிலும் போடலாமா என்ற பேச்சே தேவையில்லை.

நடுவில் ஆள் இல்லாத மென்பொருளில் 'நிலையாக ஓடுகிறது' என்பதற்கு நான் கொடுக்கும் பொருள் இதுதான்: ரொம்ப நாள் பார்க்காத இரண்டு கருவிகள் மறுபடி சந்திக்கும்போது என்ன ஆகிறது? சர்வர் வைத்து நடக்கும் சேவையில் பிழை இருந்தால் சர்வரில் திருத்தினால் எல்லோருக்கும் சரியாகிவிடும். இங்கே பிழை ஒவ்வொருவர் பையிலும் இருக்கும். அன்று பயன்படுத்துவோரின் கணினிகளையே தூணாக வைத்து ஓடிய ஸ்கைப் என்ற இணைய அழைப்புச் சேவையின் கதை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. 2010 டிசம்பர் 22 அன்று ஸ்கைப் ஏறக்குறைய ஒரு நாள் முடங்கியது. சில சர்வர்கள் தாமதமாகப் பதில் சொன்னதை விண்டோஸுக்கான ஒரு குறிப்பிட்ட பதிப்பால் தாங்க முடியவில்லை. உலகம் முழுவதும் பயன்படுத்தியவர்களில் சுமார் பாதிப் பேர் கையில் அந்தப் பதிப்பு இருந்தது. அந்தப் பதிப்பு விழுந்தபோது, வலையமைப்பைத் தாங்கிப் பிடித்த சூப்பர்நோடுகள் எனப்படும் பயனர் கணினிகளில் கால்வாசிக்கும் மேல் கூடவே விழுந்தன. மிச்சம் இருந்தவை சுமை தாங்காமல் திணறின. அந்தப் பிழை இல்லாத புதிய பதிப்பு அதற்குள் வந்திருந்தது என்பதுதான் இதில் வேடிக்கை. மக்கள் மாற்றிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அதற்கும் பத்து ஆண்டு முன்பு, 2000 மார்ச்சில், நல்சாஃப்ட் என்ற நிறுவனம் நியூடெல்லா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளை வெளியிட்டது. தாய் நிறுவனமான ஏஓஎல் மறுநாளே அதை இழுத்து மூடியது. ஆனால் இறக்கிக்கொண்டவர்கள் கையில் இருந்ததை யாராலும் திரும்ப வாங்க முடியவில்லை. அதைப் பார்த்து வேறு பலர் எழுதிய மென்பொருள்களோடு அந்த வலையமைப்பு வளர்ந்தே விட்டது.

சின்க்திங்கை எழுதுகிறவர்கள் இதை உணர்ந்தவர்களாகத் தெரிகிறது. யாகோப் போர்க் என்ற சுவீடன்காரர் 2013 டிசம்பரில் தொடங்கியது இது. ஊரெல்லாம் பயன்படுத்திக்கொண்டிருந்தபோதும் 'ஒன்று' என்ற பதிப்பு எண்ணைக் கொடுக்காமல் பூஜ்ஜியத்திலேயே ஐந்து ஆண்டுகள் வைத்திருந்தார்கள். 2019 ஜனவரியில்தான் 1.0 வந்தது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் ஒரு முன்னோட்டப் பதிப்பை விரும்புகிறவர்களுக்கு விட்டு, சில வாரம் பொறுத்து, பிறகே எல்லோருக்கும் தருகிறார்கள். கணினிப் பதிப்பு தானே புதுப்பித்துக்கொள்ளும், ஆனால் பெரிய எண் மாறும்போது தானாகத் தாவாது. நாம் அனுமதி கொடுக்க வேண்டும். நிறுத்தி நிதானமாகச் செய்கிறவர்கள் என்று எனக்கு மரியாதை உண்டு.

2025 ஆகஸ்டில் 2.0 வந்தது. உள்ளே இருந்த லெவல்டிபி என்ற தரவுத்தளத்தைத் தூக்கிவிட்டு எஸ்க்யூலைட்டுக்கு மாறியிருக்கிறார்கள். முதல் முறை இயக்கும்போது பழைய தரவு முழுவதையும் மாற்றி எழுதும். பெரிய ஃபோல்டர்களுக்கு நேரம் பிடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஜன்னலை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கிறவர்களுக்குப் பிரச்சினை இல்லை. "ஏன் ஒன்றும் வரவில்லை" என்று பொத்தானை அமுக்கிக்கொண்டே இருப்பவர்களுக்குச் சிரமம். பழைய 1 பதிப்பும் புதிய 2 பதிப்பும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லாதது பெரிய நிம்மதி.

2 பதிப்பில் என்னை யோசிக்க வைத்த மாற்றம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் அழிந்த கோப்பின் நினைவை எப்போதைக்குமாக வைத்திருந்தது. இப்போது பதினைந்து மாதம் ஆனால் மறந்துவிடுகிறது. அதாவது, நாம் அழித்த கோப்பு ஒன்று அலமாரியில் கிடக்கும் பழைய போனில் இன்னும் இருந்து, அந்தப் போன் பதினைந்து மாதத்துக்கு அப்பால் உயிர் பெற்று வந்தால், அழிந்த கோப்பு புதுக் கோப்பாகத் திரும்பி வரலாம். திருப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு ஆண்டுக்கொரு முறை ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஊர் திரும்புகிறவர்களின் போன் இந்தக் கெடுவுக்குள் வந்துவிடும். ஒரு பண்டிகை தவறினால்தான் கணக்கு உதைக்கும். கெடுவை நீட்டிக்க அமைப்பில் வழி இருக்கிறது. கோப்பு ஓரிடத்தில் அழிந்து இன்னோரிடத்தில் திருத்தப்பட்டிருந்தால், இனி அழிப்பும் வெல்லக்கூடும் என்பது இன்னொரு மாற்றம். தோற்றது முரண் நகலாக ஓரத்தில் கிடக்கும். நியாயமான முடிவுகள்தான். ஆனால் குழுவில் யாராவது ஒருவர் இதைப் படித்திருக்க வேண்டும்.

போன் விஷயத்துக்கு வருகிறேன், செயலாளரின் கேள்வி விழுந்துபோவது இங்கேதான். ஆண்ட்ராய்டுக்கான அதிகாரபூர்வச் செயலியை நிறுத்துவதாக 2024 அக்டோபரில் அறிவித்து, அந்த ஆண்டு டிசம்பரோடு கடைசிப் பதிப்பை விட்டுவிட்டார்கள். பிளே ஸ்டோரில் வெளியிடுவது பெரும்பாடாகிவிட்டது, தொடர்ந்து பராமரிக்கவும் ஆள் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அதன் கிளையாக 'சின்க்திங்-ஃபோர்க்' என்ற செயலியை வேறு தன்னார்வலர்கள் தொடர்கிறார்கள். நாங்கள் எடை போடும் இடங்களில் பயன்படுத்துவது அதைத்தான். அமைப்புகள் தாராளம், நன்றாக வேலை செய்கிறது. ஆனால் போனின் மின்கலச் சிக்கன வசதி பின்னணியில் ஓடும் செயலியை அடிக்கடி தூங்க வைத்துவிடும். ஒவ்வொரு போனிலும் அதற்கு விலக்குக் கொடுக்க வேண்டும், போன் புதுப்பித்துக்கொண்டபின் அந்த விலக்கு இருக்கிறதா என்று திரும்பவும் பார்க்க வேண்டும். நான்கு போனுக்கு இதைச் செய்வேன். குழு முழுவதற்கும் செய்ய என்னால் ஆகாது, எனக்கு மாதக் கடைசி வேலையும் இருக்கிறது.

செயலாளரிடம் நேரிலேயே சொன்னேன்: "அண்ணா, இது கணினிக்குக் கணினி என்றால் யாருக்கு வேண்டுமானாலும் தைரியமாகக் கொடுக்கலாம். போனில் என்றால், பின்னால் ஒருவர் நின்று பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு மட்டும்தான்."

"இலவசம்தானே அம்மா, போட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?" என்றார்.

"ஒருவர் வீட்டில் பேரப்பிள்ளை விளையாட்டாக அழித்தால், அத்தனை பேர் போனிலும் எடைப் படம் போய்விடும்" என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்டது நல்ல கேள்வி: உறுப்பினர்களுக்குப் பார்க்க மட்டும் கொடுக்க முடியாதா? முடியும், 'பெற மட்டும்' என்று வைத்தால் அவர்கள் பக்கத்து அழிப்பு மற்றவர்களுக்குப் பரவாது. ஆனால் அந்த அமைப்பு அவர்கள் போனில்தான் இருக்கும், அதை மாற்றுவதும் அவர்கள் கையில்தான் இருக்கும். அலுவலகக் கணினியில் அவர்களுக்கென்று தனி ஃபோல்டர் போட்டு அதை 'அனுப்ப மட்டும்' என்று வைத்தால் அங்கே ஒன்றும் கெடாது. ஆனால் அவர்களுக்குள் ஒருவரை ஒருவர் இணைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதைக் கட்டுப்படுத்த நடுவில் ஆள் கிடையாது.

வீட்டிலும் அலுவலகத்திலும் இரண்டு கணினி வைத்திருப்பவர்கள், போட்டோ ஸ்டுடியோக்காரர்கள், கணக்குப் பிள்ளைகள்: குப்பைத்தொட்டிச் சேமிப்பை முதல் நாளே இயக்கிவிட்டு, தனியாக ஒரு காப்புப் பிரதியும் வைத்துக்கொண்டு, தயங்காமல் பயன்படுத்துங்கள். இந்த வேலைக்கு இதைவிட நாணயமான இலவச மென்பொருளை நான் பார்த்ததில்லை. ஒரே கோப்பில் பலர் எழுத வேண்டும் என்றால் இது அதற்கான கருவி அல்ல. எங்கள் குழுவில் நான்கு எடை போன்களிலும் அலுவலகக் கணினியிலும் தொடரும். தம்பிகளின் போனில் 'படம் அழிக்க அக்காவைக் கேட்கவும்' என்று ஃபோல்டருக்கே பெயர் வைத்திருக்கிறேன். உறுப்பினர்களுக்கு இப்போதுபோல அச்சடித்த பட்டியலை அலுவலகக் கதவில் ஒட்டுகிறோம். ஜூன் மழை முடிந்தபின் ஆண்ட்ராய்டு கிளையைப் பராமரிக்கிறவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு மறுபடி பேசலாம் என்று கூட்டப் பதிவேட்டில் எழுதியாயிற்று.